ஆத்தேயின் கணக்கு நோட்டு: ஐந்து பேர் குடும்பம் வறுமையைத் தாண்ட எவ்வளவு வேண்டும்?

2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிலிப்பைன்ஸில், மணிலாவுக்குத் தெற்கே, கவித்தே மாகாணத்தில் இருக்கும் தாஸ்மரின்யாஸ் ஊரில், என் மனைவியின் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அந்த வாரம் முழுக்க டிவியில் ஒரே பேச்சு. பொருளாதாரத் திட்டத் துறைச் செயலாளர் அர்செனியோ பாலிசாகன் செனட் சபையில் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். ஒரு ஆள் ஒரு நாள் சாப்பாட்டுக்கு 64 பெசோ செலவழிக்க முடிந்தால், அரசுக் கணக்கில் அவர் 'உணவு ஏழை' இல்லை. மூன்று வேளைக்கும் சேர்த்து 64. ஒரு வேளைக்கு 21 பெசோ சொச்சம். ஒரு பெசோ என்பது நம் ஊர்க் காசில் ஏறக்குறைய ஒன்றரை ரூபாய்.

அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போனார். ஒரு தட்டில் சோறும் ஒரு பொரித்த முட்டையுமாகத் திரும்பி வந்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, நீங்க கணக்குப் பாக்கிறவர், சொல்லுங்க. இது ஒரு ஆள் சோறு. அரிசி கிலோ 50ன்னா இதுக்கு ஆறரை பெசோ. முட்டை ஒன்பது. எண்ணெய், உப்பு ரெண்டு. மிச்சம் மூணரை பெசோ இருக்கு. அதுக்கு என்ன வாங்கட்டும்?"

குத்திக் காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். காபிப் பொட்டலம் ஒன்று வரலாம், வாழைப்பழம் வராது என்று அவரே பதிலும் சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பத்து வயதுக் கடைசிப் பையன் அந்தத் தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டு முடித்து, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.

இங்கே அக்காவை 'ஆத்தே' என்றுதான் கூப்பிட வேண்டும். மனைவியின் அக்கா கணவருக்கு 'பிலாஸ்' என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நம் 'சகலை'க்கு அச்சு அசலான சொல் இன்னொரு மொழியில் கிடைத்ததில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான். ஆத்தே, சகலை, மூன்று பிள்ளைகள். ஐந்து பேர். அரசு வறுமைக் கணக்குப் போடும்போது எடுத்துக்கொள்வதும் ஐந்து பேர் குடும்பத்தைத்தான். அதனால்தான் இந்தக் குடும்பத்தின் பத்து வருடக் கணக்கை எழுதினால் யாருக்காவது பயன்படும் என்று தோன்றியது. ஆத்தேயிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

முதலில் அரசு எண்ணைப் பார்த்துவிடுவோம். பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 13,873 பெசோ வருமானம் இருந்தால் அது ஏழைக் குடும்பம் இல்லை. இதில் 9,581 பெசோ சாப்பாட்டுக்கு. அந்த 9,581ஐ ஐந்தாலும் முப்பதாலும் வகுத்தால் வருவதுதான் அந்த 64. நாடு முழுக்க இப்படி எண்ணியபோது மக்களில் 15.5 சதவீதம் பேர் ஏழைகள் என்று வந்தது. ஒரு கோடியே எழுபத்தைந்து லட்சம் பேர்.

சாப்பாட்டுத் தொகையை எப்படிப் போடுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். ஊட்டச்சத்து வல்லுநர்கள் ஒரு நாள் உணவுப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். உடம்புக்கு வேண்டிய சக்தியும் புரதமும் முழுதாக, மற்றச் சத்துகள் எண்பது சதவீதம் கிடைக்கிற மாதிரி, இருப்பதிலேயே மலிவான பட்டியல். காலையில் முட்டை, பால் காபி, சோறு. மதியம் பாசிப்பயறில் முருங்கைக்கீரை போட்டு, கொஞ்சம் நெத்திலிக் கருவாட்டோடு வேகவைத்த குழம்பு, சோறு, ஒரு வாழைப்பழம். இரவுக்கு மீன் அல்லது பன்றிக்கறி, ஒரு காய், சோறு. முருங்கைக்கு இங்கே 'மலுங்காய்' என்று பெயர். கேட்டவுடனே நமக்குப் புரிந்துவிடும். வீட்டு வேலியில் சும்மா முளைத்துக் கிடப்பது, காசு கொடுக்க வேண்டாம். பட்டியலில் தப்பில்லை. விலைதான் கடைத்தெரு விலையோடு ஒட்ட மறுக்கிறது.

எனக்கு அதைவிட உறுத்தியது மீதித் தொகை. 13,873இல் சாப்பாடு போக மிச்சம் 4,292. ஐந்து பேருக்கு ஒரு மாதம் வீடு, கரண்டு, தண்ணீர், கேஸ், துணி, மருந்து, பள்ளிக்கூடம், பஸ் கட்டணம் எல்லாம் அதற்குள். ஆத்தே வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்வரும் செலவும் மதியச் சாப்பாட்டுக் காசும் மட்டுமே 2025இல் மாதம் 4,200.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

2016இல் சகலை வாடகை ட்ரைசைக்கிள் ஓட்டினார். மோட்டார் சைக்கிளோடு பக்கத்தில் ஒரு பெட்டியைப் பொருத்தியிருப்பார்கள், நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி. வண்டி வேறொருவருடையது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அன்றன்றைக்கு வண்டிக்காரருக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். அதற்கு இங்கே 'பவுண்டரி' என்று பெயர். ஒரு நாள் வசூல் 650 வந்தால் பவுண்டரி 150, பெட்ரோல் 150. கையில் நிற்பது 350. மாதம் இருபத்து நான்கு நாள் என்றால் 8,400. ஆத்தே இரண்டு வீட்டில் துணி துவைத்துக் கொடுத்து 2,000 சம்பாதித்தார். அரசின் 'பந்தாவிட்' திட்டத்தில் பேர் இருந்ததால், பிள்ளைகள் பள்ளிக்குப் போவதற்கும் ஆரோக்கியப் பரிசோதனைக்கும் சேர்த்து மாதம் 1,100. ஆக மொத்தம் 11,500. அந்தக் காலத்து வறுமைக் கோடு பத்தாயிரத்தைச் சுற்றித்தான் இருந்தது. கணக்குப்படி அவர்கள் ஏழை இல்லை.

ஆனால் பந்தாவிட் கூட்டத்தில் சொல்லிக் கொடுத்தபடி ஆத்தே ஒரு பள்ளிக்கூட நோட்டில் வரவு செலவு எழுதிவந்தார். 2018இல் அதை முதல்முறையாகப் பார்த்தேன். கணக்கு எழுதுவது என் தொழில். பக்கம் பக்கமாகப் புரட்டியபோது ஒன்று புரிந்தது. அந்த 11,500 என்பது நல்ல மாதம். ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் சவாரி கிடையாது. புயல் அடித்தால் நாலு நாள் வண்டி எடுக்க முடியாது. இஞ்சின் படுத்துவிட்டால் ஒரு வாரம் போச்சு. வருடத்தில் எட்டு மாதம் கோட்டுக்கு மேலே, நாலு மாதம் கீழே. அந்த நாலு மாதத்தில் வாங்கிய கடனை மற்ற எட்டு மாதமும் அடைக்கிறார்கள். மாத வருமானத்தை வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பன்னிரண்டு மாதத்தையும் எழுதிக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். அப்புறம் இருப்பதிலேயே மோசமான மாதத்தைத் தனியாகப் பாருங்கள். அந்த மாதத்தை எப்படிக் கடந்தார்கள் என்பதில்தான் குடும்பத்தின் நிலைமை தெரியும்.

'இசாங் காஹிக், இசாங் துகா' என்று தகாலோக்கில் ஒரு பழமொழி உண்டு. கோழி ஒரு முறை கிளறினால் ஒரு கொத்து. கிளறாத அன்றைக்குக் கொத்தும் இல்லை. சம்பளத்துக்கு முந்தைய நாட்களுக்கு 'பெட்சா டே பெலிக்ரோ' என்று பெயர், ஆபத்தான தேதிகள். இங்கே சம்பளம் 15ஆம் தேதியும் 30ஆம் தேதியும் வரும் என்பதால், மாதத்தில் இரண்டு முறை இந்த ஆபத்துத் தேதி வரும்.

அந்த நாட்களில் எல்லாம் சில்லறையாக வாங்குவார்கள். தெருமுனையில் சாரி சாரி கடை இருக்கும், நம் ஊர்ப் பெட்டிக்கடைதான். ஒரு வேளைக்கு எண்ணெய், ஒரு தலைக்கு ஷாம்பு, இரண்டு பல் பூண்டு. ஒரு மாதம் நானும் ஆத்தேயும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். பத்து பெசோவுக்குப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் எண்ணெய் பதினேழு பை வாங்கினால்தான் ஒரு லிட்டர் தேறும். 170 பெசோ. சந்தையில் லிட்டர் 95. கையில் 95 மொத்தமாக இல்லாததால் 75 பெசோ அதிகம் கொடுக்கிறார்கள். அந்தக் கடைக்காரம்மா அநியாயக்காரி இல்லை. காசில்லாத நாளில் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பவரும் அவர்தான்.

2018 ஜூனில் ஆத்தேக்கு ரொசாரியோ ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, ஏஜென்சி வழியாக. கைக்கு 9,000 வந்தது. இரண்டு பேர் வருமானமும் சேர்ந்து 17,500 தாண்டியது. அந்த வருடத்துக் கோடு 10,700ஐ ஒட்டி இருந்தது. ஒன்றரை மடங்குக்கு மேல்! தவணையில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினார்கள். வறுமை முடிந்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

ஐந்தாவது மாதம் வேலை முடிந்துவிட்டது. 'எண்டோ' என்பார்கள். சட்டப்படி ஆறு மாதம் தாண்டி வேலையில் வைத்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்பதால், ஐந்து மாதத்தில் கணக்கு முடித்து அனுப்பிவிடுவது இங்கே பரவலான பழக்கம். மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, 2019 மார்ச்சில் மறுபடி ஏஜென்சி, மறுபடி ஐந்து மாதம், நடுவில் இரண்டு வாரம் விட்டு இன்னொரு ஒப்பந்தம்.

அந்த ஆகஸ்டில்தான் நாடு முழுக்க டெங்கு பரவி, கொள்ளைநோய் என்று அரசே அறிவித்தது. கடைசிப் பையனுக்கு அப்போது ஐந்து வயது. அரசு மருத்துவமனையில் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். பையனுக்குத் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்ததால் பயந்துபோய்த் தனியாரில் சேர்த்தார்கள். பில் 46,000. ஃபில்ஹெல்த் காப்பீட்டில் 10,000 கழிந்தது. மிச்சம் 36,000 கட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

நாங்கள் 15,000 கொடுத்தோம். எங்களுக்கும் அப்போது குழந்தை பிறந்த சமயம், கையில் அவ்வளவுதான் இருந்தது. மீதியைச் சொந்தக்காரர்களிடம் புரட்டியதாக ஆத்தே சொன்னார். நம்பினேன்.

ஐந்து மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டும்போது ஒரு புதுப் பத்தி இருந்தது. தினமும் 200. தலைப்பில் 'பி' என்று ஒரே ஓர் எழுத்து. யாருக்கு என்று கேட்டேன். ஆத்தே என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மனைவிதான் மெதுவாகச் சொன்னாள்: பும்பாய்.

இந்தியர்களை இங்கே சாதாரண மக்கள் 'பும்பாய்' என்பார்கள். மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாக வந்து வட்டிக்குக் கொடுப்பவர்களில் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் நிறைய. அதனால் அந்தச் சொல்லுக்கு வட்டிக்காரர் என்றே ஒரு பொருள் வந்துவிட்டது. நான் மனம் நோகக்கூடாது என்று அந்தச் சொல்லை முழுதாக எழுதாமல், முதல் எழுத்தை மட்டும் போட்டிருக்கிறார். வீட்டில் அவ்வளவு கஷ்டம் இருக்கும்போது என் மனசை நினைத்திருக்கிறார். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தக் கடனுக்குப் பெயர் 'ஐந்து ஆறு'. ஐந்து வாங்கினால் ஆறு கட்ட வேண்டும். நம் ஊர்த் தண்டல் வட்டிதான். 10,000 வாங்கினார்கள், தினம் 200 வீதம் அறுபது நாள், மொத்தம் 12,000. வட்டி இருபது சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால், சராசரியாகக் கையில் இருக்கும் கடன் பாதிதான், 5,000. அதற்கு இரண்டு மாதத்தில் 2,000 வட்டி. மாதம் இருபது சதவீதம், வருடத்துக்கு 240. பாதி அடைந்ததும் பழையதை முடிக்க மறுபடி புதிதாக வாங்குவார்கள். அப்படியே ஏழு மாதம் ஓடியது. இது போதாதென்று ஆத்தேயின் ஏடிஎம் அட்டை இன்னொருவரிடம் அடகில் இருந்தது. சம்பள நாளில் அவரே எடுத்து, மாதம் 1,500 பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்.

கணக்குப் பாருங்கள். இரண்டு பேர் வருமானம் 18,000. 'பி' பத்திக்கு 6,000, அட்டைக்கு 1,500. குடும்பத்துக்கு மிஞ்சியது 10,500. அன்றைய கோட்டுக்குக் கீழே. அரசுக் கணக்கெடுப்பு வருமானத்தைத்தான் பார்க்கும். அன்றைக்கு யாராவது வந்து கேட்டிருந்தால் 18,000 என்று எழுதி, ஏழை இல்லை என்று போயிருப்பார்கள். 2023இல் மக்களில் 15.5 சதவீதம் பேர் ஏழைகள் என்று அரசு சொன்னது. எஸ்டபிள்யூஎஸ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 'உங்கள் குடும்பம் ஏழையா' என்று நேராகக் கேட்டபோது, 2024 டிசம்பரில் 63 சதவீதக் குடும்பங்கள் ஆமாம் என்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு அந்தப் 'பி' பத்திதான் கண்ணில் நிற்கிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. ட்ரைசைக்கிள் ஓடவில்லை, தொழிற்சாலை மூடிவிட்டது. அரசு நிவாரணம் இந்தப் பகுதிக்கு ஒரு குடும்பத்துக்கு 6,500 என்று வந்தது. நாங்கள் அரிசி மூட்டை அனுப்பினோம். வட்டிக்காரராலும் தெருவுக்கு வர முடியாமல் போன அந்த இடைவெளியில், மிச்சக் கடன் 7,400ஐ ஒரேயடியாகக் கட்டி முடித்தோம். ஏடிஎம் அட்டையையும் மீட்டோம். அதற்கு முன்பு மூன்று வருடமாக மாதம் 2,000 அனுப்பிக்கொண்டிருந்தேன். அது எங்கே போனதென்று இன்றுவரை நோட்டில் கண்டுபிடிக்க முடியவில்லை. தண்ணீரில் உப்பு மாதிரி கரைந்துவிட்டது. அந்த 7,400 மட்டும் அப்படிக் கரையவில்லை. மாதம் 6,000 ஒழுகிக்கொண்டிருந்த ஓட்டையை அது அடைத்தது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் எல்லோருக்கும் நான் சொல்லும் முதல் விஷயம் இது. எவ்வளவு அனுப்புவது என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் தினமும் யார் வந்து எவ்வளவு வாங்கிப் போகிறார்கள் என்று கேளுங்கள். நேராகக் கேட்டால் சொல்லமாட்டார்கள். 'ஹியா' என்று இங்கே சொல்வார்கள், கூச்சம், மானம் எல்லாம் கலந்தது. பெண்களிடம் பெண்கள் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்த ஓட்டை பவுண்டரி. 2021இல் சகலையின் வண்டிக்காரர் சொந்த ஊருக்குத் திரும்பிப் போவதாக இருந்தார். வண்டியையும் நகராட்சி உரிமத்தையும் ஓட்டுநர் சங்கத்தில் இருந்த இடத்தையும் சேர்த்து 62,000க்குக் கொடுக்கத் தயார். உரிமமும் சங்கத்து இடமும் இல்லாமல் வண்டி மட்டும் வாங்கினால் அது இரும்புச் சாமான்தான், ஸ்டாண்டில் வரிசையில் நிற்க விடமாட்டார்கள். இதைச் சகலை தெளிவாகச் சொன்னார். அவர்கள் கையில் 17,000 சேர்த்திருந்தார்கள், அதில் பெரும்பகுதி 'பலுவாகன்' பணம். பலுவாகன் என்பது நம் சீட்டு. ஆனால் ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது. பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு முறை முழுத்தொகையையும் எடுத்துக்கொள்வார்கள். தெரிந்தவர்களாக இருந்தால் இதைவிட நல்ல சேமிப்பு ஏழைக்குக் கிடையாது. முகம் தெரியாதவர்களோடு ஃபேஸ்புக்கில் சேரவே சேராதீர்கள்.

மீதி 45,000 நாங்கள் கொடுத்தோம், வட்டியில்லாமல். ஒரே ஒரு நிபந்தனை. பவுண்டரி கட்டிய அதே 150ஐ வண்டி ஓடும் நாளில் ஒரு தகரப் பெட்டியில் போட வேண்டும். முன்னூறு நாள் ஓட்டத்தில் கடன் முடிந்தது. சகலை ஒரு நாள்கூடத் தவறவில்லை. காரணம், அவருக்கு அந்த 150 புதுச் செலவே இல்லை. பதினைந்து வருடமாகக் கொடுத்துப் பழகிய காசு. கடன் முடிந்த பிறகும் பெட்டியில் போடுவதை நிறுத்தவில்லை, நிறுத்த வேண்டாம் என்று ஆத்தே சொல்லிவிட்டார்.

2022இல் ஆத்தே லங்கானில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நேரடியாகச் சேர்ந்தார். ஏஜென்சி கிடையாது. ஆறு மாதம் கழித்து நிரந்தரம். சம்பளம் முன்பு வாங்கியதைவிடப் பெரிதாக ஒன்றும் கூடிவிடவில்லை. ஆனால் வேலை நிரந்தரமாகி நடுவில் அறுபடாததால் எத்தனை விட்டுப்போகாமல் வந்தது தெரியுமா? எஸ்எஸ்எஸ் என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தா, அதில் நோய் விடுப்புக்குக் காசு, அவசரத்துக்குக் குறைந்த வட்டியில் சம்பளக் கடன். பாக்-இபிக் என்ற அரசு வீட்டு நிதியில் சேமிப்பு. டிசம்பர் 24க்குள் பதின்மூன்றாவது மாதச் சம்பளம், அது 1975லிருந்து இங்கே சட்டம். அவசரம் வந்தால் 'ஐந்து ஆறு' ஆளிடம் போகாமல் எஸ்எஸ்எஸ்ஸிடம் போகலாம் என்பது மாத வருமானத்தில் எந்தப் பத்தியிலும் வராது. ஆனாலும் அது பணம்தான்.

குறைந்தபட்சக் கூலி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2025 தொடக்கத்தில் இந்தப் பகுதிக்கு ஒரு நாள் கூலி 560. இருபத்தாறு நாளுக்கு 14,560. வறுமைக் கோடு 13,873, பரவாயில்லையே என்று தோன்றும். எஸ்எஸ்எஸ் 725, ஃபில்ஹெல்த் 364, பாக்-இபிக் 200 பிடித்தால் கைக்கு வருவது 13,271. சட்டப்படி கூலி வாங்கி, ஒரு நாள் விடாமல் உழைக்கிற ஒருவர், மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, மாதா மாதம் கைக்கு வருவதை மட்டும் வைத்து 2023ஆம் ஆண்டுக் கோட்டையே எட்ட முடியவில்லை. மணிலாவில் 2025 ஜூலையில் 695 ஆனது. அதுவும் இருபத்தாறு நாளுக்கு 18,070தான், அங்கே வீட்டு வாடகை வேறு. இந்த நாட்டில் ஒரே ஆள் சம்பாதித்து ஐந்து பேர் வறுமையைத் தாண்டுவது, குறைந்தபட்சக் கூலியில் நடக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது அவர்கள் வீட்டுக் கணக்கு. 2025இல் சகலைக்கு நாள் வசூல் 900, பெட்ரோல் 280, பராமரிப்பு 50 போக 570. மாதம் 13,680. ஆத்தே கைக்கு 13,270. பதின்மூன்றாவது மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 28,000 வருகிறது. பந்தாவிட் உதவி நின்றுவிட்டது.

செலவு: சாப்பாடு 13,000. அதில் அரிசி மட்டும் ஒரு மூட்டை, 50 கிலோ, 2,400. ஆளுக்கு ஒரு நாளைக்கு 87 பெசோ சாப்பாடு என்று வருகிறது. அது விருந்து இல்லை. வாரத்தில் இரண்டு நாள் கோழி, மற்ற நாளில் மீன், பயறு, முட்டை, பிள்ளைகளுக்கு வயிறு நிறையச் சோறு. பள்ளி, கல்லூரி போக்குவரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக் காசுக்கும் 4,200. பெரியவள் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். 2017இல் வந்த சட்டத்தால் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் அவளும் தொழிற்சாலை வரிசையில்தான் நின்றிருப்பாள். கரண்டு 1,800, கேஸ் 950, தண்ணீர் 450, போன் 600, சோப்பு முதலிய சாமான் 1,300, மருந்து 700, தெருவில் சாவு, திருவிழா என்று கொடுப்பது 500. கூட்டினால் 23,500. பெட்டிக்குப் போவது போகக் கொஞ்சம் துணிக்கும் நிற்கிறது.

வாடகை இல்லாததை மறந்துவிடக் கூடாது. மணிலாக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை எழுபதுகளில் தாஸ்மரின்யாஸில் குடியேற்றினார்கள். என் மாமனார் குடும்பம் அப்படி வந்ததுதான். அந்த வீடுதான் இது. இதே ஊரில் வாடகை கொடுக்க வேண்டியிருந்தால் 33,000 வேண்டும். மணிலாவுக்குள் என்றால் 40,000க்குக் கீழே எனக்குக் கணக்கு வரவில்லை. 2018இல், மாதம் 10,000 பெசோவில் ஐந்து பேர் வாழலாம் என்பது போல ஒரு பேச்சு திட்டத் துறையிலிருந்து கிளம்பி ஊரே கொதித்தபோது, அதே துறை அதிகாரி கண்ணியமாக வாழ 42,000 வேண்டும் என்றார். அதைக் கேட்டபோது கூடுதலாகச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

எனக்குக் கிடைத்த 28,000 என்ற எண் அரசுக் கோட்டைப் போல ஏறக்குறைய சரியாக இரண்டு மடங்கு. பிறகுதான் கவனித்தேன், அரசின் வளர்ச்சி ஆய்வு நிறுவனமான பிஐடிஎஸ்ஸின் ஆய்வாளர்களும் கோட்டுக்கும் அதன் இரு மடங்குக்கும் இடையில் இருப்பவர்களை ஏழை இல்லை, ஆனால் குறைந்த வருமானக்காரர் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். ஒரு டெங்குக் காய்ச்சலில் கீழே விழக்கூடியவர்கள் அந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள். ஆத்தே குடும்பம் அதற்குள் ஆறு வருடம் மேலும் கீழுமாகப் போய்வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால் யாராவது எண் கேட்டால் இப்படிச் சொல்வேன்: கோட்டைப் போல இரண்டு மடங்கு, அது இரண்டு ஆளிடமிருந்து வர வேண்டும், அதில் ஒருவருக்காவது நிரந்தர வேலை, தினத்தண்டல் கடன் ஒரு பைசா இருக்கக் கூடாது. நான்கில் எது குறைந்தாலும் மற்ற மூன்றும் தாங்காது.

2025 ஜூலையில் மழை விடாமல் பெய்தது. கவித்தேயில் பல இடம் வெள்ளக்காடு. சகலை ஆறு நாள் வண்டி எடுக்கவில்லை. நான் போன் செய்து, பணம் ஏதாவது அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் ஆத்தே. பழைய பயம் வந்து, என் மனைவியை விட்டு மறுபடி கேட்கச் சொன்னேன். அதற்கும் வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து ஆத்தேயிடமிருந்து வீடியோ அழைப்பு. நோட்டைக் கேமரா முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பெட்டியிலேர்ந்து 3,400 எடுத்தேன். இதுவரைக்கும் போட்டுதான் பழக்கம், எடுத்ததே இல்ல. இதை வரவுல எழுதணுமா, செலவுல எழுதணுமா?"